பதினெட்டரை இஞ்சு

அப்பா என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல் அன்று, அம்மன் கோயில் பந்தலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், நடுத்தெருவில் வைத்து. எனக்கு அப்போது ஒன்பது வயது. அடி வலித்தது உண்மைதான். ஆனால் எதற்காக அடித்தார் என்பது விளங்காமல் போனதுதான் வெகுநாள் வலித்தது. வீட்டிலேயே நல்ல நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய், ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவரை அதில் உட்காரவைத்தேன். இதற்குப் போய் யாராவது பிள்ளையை அடிப்பார்களா?

அந்த நாற்காலியைச் செய்தவள் என் சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு பந்தல்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவள். எங்கள் ஊர் திருச்சுழி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மினி பஸ் வந்தால் ஊர், வராவிட்டால் காடு. சித்தி தினமும் அந்த மினி பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். கல்யாணத்தின்போது அவளுடைய சீரோடு ஒரு பச்சைத் தகரப் பெட்டியும் வந்தது. பட்டுச் சேலை இருக்கும் என்று நினைத்து அம்மா அதைத் தூக்கப் போய், அசைக்கக்கூட முடியாமல் விட்டுவிட்டாளாம். திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு ரம்பம், ஐந்தாறு உளி, ஒரு இழைப்புளி, ஒரு டிரில் மிஷின்.

சித்தியின் அப்பா தூத்துக்குடி ரோட்டில் பழைய மரக்கடை வைத்திருந்தார். இடித்த வீடுகளின் கதவும் நிலையும் உத்தரமும் அங்கே மலைபோல் கிடக்கும். சித்தி சின்ன வயதில் அந்தக் குவியலுக்குள்தான் விளையாடியிருக்கிறாள். கடையில் வேலை செய்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம், பிற்பாடு போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் என்று தானாகவே பழகிக்கொண்டாள். அவளுக்கு அது தொழில் இல்லை. மற்ற வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்த்தார்கள், எங்கள் சித்தி தொழுவத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் மரம் அறுத்தாள். சித்தப்பா மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துத் தூங்குவார். ரம்பச் சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு, “என்னாச்சு?” என்பார்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அவர் சட்டை மாட்டும் பலகை, அம்மாவின் மசாலா அலமாரி, தண்ணீர்க் கேன் நிற்கும் ஸ்டாண்டு, என் படிப்பு மேசை என்று வீட்டில் பாதிச் சாமான் அவள் கையால் வந்தது. ஆகவே அவர், “பொம்பளப்புள்ள உளியப் பிடிச்சா ஊர்ல என்ன சொல்லுவாக” என்று அந்த மேசையில் கையூன்றிக்கொண்டே சொல்லுவார்.

தாத்தா எதுவும் சொல்லமாட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. சித்தி வந்து நான்கு வருடமாகியும், அவர்களுக்குள் என்ன சேதி என்றாலும் அது சித்தப்பா வழியாகவோ என் வழியாகவோதான் போய்வந்தது. தாத்தா நெட்டையான மனிதர். மல்லியும் உளுந்தும் விளைந்த கரிசல் காட்டில் அறுபது வருடம் நின்றவர். அந்தப் பொங்கலுக்கு இரண்டு வருடம் முன் வரப்பில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மதுரையில் பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கம்பு ஊன்றி நன்றாகவே நடந்தார். ஆனால் குத்துக்காலிட்டு உட்கார அவரால் முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது.

வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. தரையோடு பதித்த பழைய மாடல். அதை அவர் பயன்படுத்த முடியாது. விடியுமுன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் போய்விடுவார். அங்கே கருவேலங்காட்டுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மரம் அவருக்குத் தோது. மருந்துக்கடையில் விற்கிற இரும்பு நாற்காலி ஒன்றை வாங்கிவரட்டுமா என்று அப்பா ஒரு நாள் மெதுவாகக் கேட்டிருக்கிறார். “அத மினி பஸ்ஸு மேல ஏத்திக் கொண்டாருவ. ஊரே பாக்கும். நான் செத்தப்புறம் வாங்கிக்க” என்று தாத்தா சொல்லிவிட்டார். இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் அம்மா சொன்னாள். தாத்தா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். ராத்திரிச் சாப்பாடு நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதும் நின்றது. கேட்டால், “வயசாச்சு, பசிக்கல” என்பார். எல்லோரும் நம்பினோம். சித்தி மட்டும் நம்பவில்லை. பசியில்லாத மனிதர் அடுப்படிப் பக்கம் இத்தனை தடவை திரும்பிப் பார்ப்பாரா என்று அவள் அம்மாவிடம் கேட்டாளாம்.

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தாள்.

“தாத்தா எங்கெங்க உக்காருறாக, எந்திரிக்கிறப்பக் கை ஊணுறாகளா, ஊணலையான்னு பாத்து எழுதிட்டு வா. அவுகளுக்குத் தெரியக் கூடாது.”

“எதுக்கு சித்தி?”

“கணக்குப் பாடம்டி.”

ஒரு வாரம் நான் தாத்தாவின் நிழலாகத் திரிந்தேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. கயிற்றுக் கட்டில்: இரண்டு கையும் ஊன்றினார், ‘யப்பா’ என்றார். கோயில் படி: பூசாரி தூக்கிவிட்டார். டீக்கடைப் பெஞ்சு: ஒரு கை. பிளாஸ்டிக் நாற்காலி: இரண்டு கை, நாற்காலியும் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை அன்று கண்டுபிடித்தேன். பஸ் நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமிண்டுப் பெஞ்சு. தாத்தா அதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரோ கூப்பிட, கம்பைக்கூட மறந்து, கையை ஆட்டிக்கொண்டே எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலும்; பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவர் போனதும் நான் டேப்பை வைத்து அளந்தேன். பதினெட்டரை இஞ்சு. ஓடிவந்து சொன்னபோது சித்தி என் கன்னத்தைக் கிள்ளி முத்திக்கொண்டாள். அளந்து சொன்னதற்கு இவ்வளவு பிரியமா என்று இருந்தது. அடுத்த நாளே வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து அவளிடம் ஒப்பித்தேன். எதற்கும் முத்தம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் பந்தல்குடியிலிருந்து ஒரு பழைய தேக்கு நிலை வந்து இறங்கியது. ஏழெட்டுத் தடவை பெயிண்ட் கண்ட நிலை. சித்தி ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இழைப்புளியைத் தள்ளினாள். பச்சை, நீலம், காவி என்று ஒவ்வொரு நிறமாகச் சுருண்டு விழுந்து, கடைசியில் தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. எண்ணெய் வாசம் அடித்தது. எத்தனையோ வருடம் வெயிலில் நின்ற மரம் உள்ளுக்குள் இவ்வளவு புதிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சீவல்களை அள்ளிக் காதில் கம்மலாக மாட்டிக்கொண்டேன்.

கால்களில் துளை போட்டு, சட்டங்களின் முனையை அதற்குத் தக்க கழுந்தாகச் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று இறுகச் செருகினாள். ஆணியே அடிக்கவில்லை. தண்ணீர் படுகிற இடத்தில் ஆணி துருப்பிடித்து மரத்தைக் கெடுத்துவிடும் என்றாள். நாற்காலி எதற்குத் தண்ணீர் படுகிற இடத்துக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பசை வைத்தபின் இறுக்கிப் பிடிக்க அவளிடம் இரண்டு கிளாம்புதான் இருந்தது. மிச்ச இடத்தில் கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினாள். கட்டில் கயிறு முறுக்குவதுபோலத்தான். சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நின்றார்.

நான்கு காலும் தரையில் சமமாக நிற்கவில்லை. ஒரு கால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தடக் தடக் என்று ஆடியது. சித்தி ஒரு மெல்லிய பலகைத் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் பென்சிலைக் கிடத்தி, நான்கு காலையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு இழுத்தாள். அந்தக் கோட்டோடு அறுத்தாள். மறுபடி வைத்தபோது பாறையாக நின்றது. அறுத்ததில் உயரம் அரை இஞ்சு குறைந்துவிட்டதே என்றேன். “அதுக்குத்தான் ரப்பர்” என்று, ஊன்றுகோலுக்குப் போடுகிற கறுப்பு ரப்பரை நான்கு காலுக்கும் மாட்டினாள். மேலே அளந்தால் பதினெட்டரை.

என்னை அசரவைத்தது உட்காரும் பலகைதான். இரண்டு ஆணியை அரைகுறையாக அடித்து, அவற்றைச் சுற்றி ஒரு நூல் வளையத்தைத் தளர்வாகப் போட்டாள். வளையத்துக்குள் பென்சிலை வைத்து, நூலை இழுத்துப் பிடித்தபடியே சுற்றிவந்தாள். பலகையில் ஒரு முட்டை வடிவம் விழுந்தது. கொஞ்சமும் கோணலில்லாத முட்டை. பிறகு ஓரத்தில் டிரில்லால் துளை போட்டு, மெல்லிய ரம்பத்தை உள்ளே விட்டு, அந்த முட்டையை முழுசாக அறுத்தெடுத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஓட்டையாக்கிட்டீங்களே!”

சித்தி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு, “வெயில் காலம் வருதுல்ல. தாத்தாவுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்” என்றாள். “யாருட்டயும் சொல்லாத.”

அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி. அந்த ஓட்டையின் விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு ஞாயிறு தேய்த்தேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றித் தடவுவாள். “இந்தா, இங்கன ஒரு பிசிறு” என்பாள். மறுபடி தேய்ப்பேன். இவ்வளவு வழவழப்பு எந்தக் காற்றுக்குத் தேவை என்று நான் யோசித்திருக்கலாம். ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அவள் அறுத்து வைத்திருந்தாள். அதைப் பற்றியும் கேட்கவில்லை. ஓட்டையை மூட அச்சாகப் பொருந்தும் ஒரு மூடி, அதைத் தூக்க விரல் நுழையும் பள்ளம். மூடிவிட்டால் அது எந்தப் பணக்காரர் வீட்டுக் கூடத்திலும் இருக்கத் தகுந்த நாற்காலி. கைகள் இரண்டும் நாட்டுக்கருவேல மரம். பிடித்தால் பழைய ஏர்க்கலப்பையைப் பிடித்தது போலிருக்கும். ஐந்து கோட் வார்னிஷ் அடித்தாள். கடைசிக் கோட் பொங்கலுக்கு முந்தின நாள் காய்ந்தது. பொங்கல் கழிந்ததும் சித்தப்பா அதைச் சத்தமில்லாமல் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பது, தாத்தாவாகப் பார்த்துக்கொள்ளட்டும், யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அவர்களுடைய திட்டம். அது எனக்குச் சொல்லப்படவில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் ஊருக்குச் சொன்ன மாதிரிதான் என்பது அவர்கள் கணிப்பு. தப்புச் சொல்ல முடியாது.

எங்கள் கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் உரிமை இரண்டு வீட்டுக்கு உண்டு. ஒரு வருடம் எங்கள் வீடு, மறு வருடம் மேலவீடு. மேலவீட்டுத் தாத்தா எங்கள் தாத்தாவுக்குப் பங்காளி. ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பதினோரு வருடமாகியிருந்தது. ஒருவர் தெருவில் வந்தால் மற்றவர் மேகத்தைப் பார்ப்பார். அந்த வருடம் பரிவட்டம் எங்கள் முறை. தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, முன்னதாகவே போய்ப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும் சங்கடம் யார் கண்ணிலும் படாமல் இருக்க, அவர் எங்கேயும் முதலில் வந்து கடைசியில் போவார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. டவுனிலிருந்து வரவேண்டிய நாற்காலி லோடு வந்து சேரவில்லை. மேலவீட்டுத் தாத்தா வந்தபோது அவருக்கு உட்கார இடமில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து, “ஏத்தா, வீட்ல ஒரு சேரு இருந்தா எடுத்துட்டு ஓடியா” என்றார்.

வீட்டில் இரண்டு மடக்கு நாற்காலி இருந்தது. அவற்றை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேக்காளி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தபோது ஊரே எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நடுத்தெருவில் வந்தேன்.

மேலவீட்டுத் தாத்தா உட்கார்ந்தார். கைகளைத் தடவினார். பின்னால் சாய்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“யாரு செஞ்சது தாயி?”

“எங்க சித்தி. எங்க தாத்தாவுக்குச் செஞ்சாக. இது காத்தோட்டமான நாற்காலி.”

“காத்தோட்டமா?”

“எந்திரிங்க தாத்தா, காட்டுறேன்.”

அவர் எழுந்தார். நான் பள்ளத்தில் விரலை விட்டு மூடியைத் தூக்கினேன். மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. கோயில் படியில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன், “ஏலே, கக்கூஸு கோயிலுக்கே வந்துருச்சுலே!” என்றான். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி, பந்தல் முழுக்கப் பரவி, பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என் நாற்காலியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். மேலவீட்டுத் தாத்தா குனிந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்து மூடியை வாங்கி, அவரே பொருத்தி வைத்தார். மற்றவர் எங்கள் தாத்தா. பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். நாற்காலியின் கால்கள் மண்ணில் கோணிக்கொண்டு போயின. அத்தனை பேரும் பார்க்க, மூன்றாவது முயற்சியில் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். பரிவட்டத் துணி பூசாரியின் தட்டிலேயே இருந்தது. அந்த வருடம் அது யார் தலையிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு நடுத்தெருவில் அடி விழுந்தது. அப்பா நாற்காலியைத் தொழுவத்தில் கொண்டுபோய்ப் போட்டார். சித்தியிடம் நேராகப் பேசாமல் சுவரைப் பார்த்து, “இனிமே இந்த வீட்ல ரம்பச் சத்தம் கேக்கக் கூடாது” என்றார். சித்தி உளிகளை எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பச்சைப் பெட்டிக்குள் அடுக்கினாள். நான் அருகில் போய் நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பிடித்து, முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“நான்தான் ஒன்ட்ட ஒழுங்காச் சொல்லாம விட்டேன்” என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

தாத்தா நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, விடியுமுன் ஓடைக்குப் போவதைத் தவிர. கஞ்சியில் பாதி திரும்பி வந்தது. வியாழக்கிழமை வெயில் ஏறியும் அவரைக் காணவில்லை. சித்தப்பா தேடிப் போய், ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாய்ந்த மரத்தில் கால் வழுக்கியிருக்கிறது. விழாமலிருக்க, கைக்கு அகப்பட்ட கிளையைப் பிடித்திருக்கிறார். கருவேலங்கிளை. உள்ளங்கை இரண்டிலும் முள். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். பதினாறு முள். தாத்தா முகம் சுளிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சித்தி நின்றாள். அவள் முகம்தான் ஒவ்வொரு முள்ளுக்கும் சுளித்தது.

மறுநாள் சாயங்காலம் மேலவீட்டுத் தாத்தா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பா பதறிப்போய் மடக்கு நாற்காலியை விரித்தார். தாத்தா கட்டிலில் இருந்தபடி, மேகத்தைப் பார்க்க முடியாததால் கூரையைப் பார்த்தார்.

“முள்ளெல்லாம் எடுத்தாச்சா?”

“ம்.”

“பூராவுமா?”

“ஒண்ணு ரெண்டு கெடக்கும். தானா வரும்.”

பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். மல்லி விலையைப் பற்றிப் பேசினார்கள். வரப்பு எங்கே வரப்போகிறது என்று நான் கதவோரம் காத்திருந்தேன். வரவில்லை. மேலவீட்டுத் தாத்தா தொண்டையைச் செருமினார்.

“அந்த நாற்காலி எங்கன கெடக்கு?”

அப்பா, “சின்னப்புள்ள தெரியாம…” என்று ஆரம்பித்தார்.

“நாற்காலி எங்கனன்னுதான்பா கேட்டேன்.”

நான் ஓடிப்போய்த் தொழுவத்திலிருந்து அதை இழுத்துவந்தேன். வைக்கோல் ஒட்டியிருந்தது. அவர் தோள் துண்டால் துடைத்தார். உட்கார்ந்தார். கையைத் தூக்கி மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். நாலைந்து தடவை. தாத்தா கூரையை விட்டுவிட்டு அவரையே பார்க்க ஆரம்பித்தார்.

“ஒசரத்த எப்படித்தா இம்புட்டுக் கரெக்டாப் புடிச்ச?” என்று மேலவீட்டுத் தாத்தா கதவைப் பார்த்துக் கேட்டார்.

மாமனார் இருக்கும் இடத்தில் சித்தி எப்படிப் பதில் சொல்லுவாள்? நான் சொன்னேன். “நான்தான் அளந்தேன். பஸ் ஸ்டாப்புப் பெஞ்சு. பதினெட்டரை இஞ்சு. அதுல மட்டும்தான் எங்க தாத்தா கை ஊணாம எந்திரிச்சாக.”

தாத்தா என் பக்கம் திரும்பினார். பொங்கலுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. “அடி, அதுக்குத்தான் என் பின்னாலயே திரிஞ்சியா?”

“சரி, நான் இத எடுத்துட்டுப் போறேன்” என்றார் மேலவீட்டுத் தாத்தா. “எனக்கும் முட்டு மடங்க மாட்டேங்குது. நீங்கதான் தொழுவத்துல போட்டுட்டீங்களே.”

“அது எங்கிட்டும் போகாது.”

“ஏன்?”

“போட்டது அவன்.” தாத்தா அப்பாவைக் காட்டினார். “நாற்காலி என்னுது. என் மருமக எனக்குன்னு அளந்து செஞ்சது.”

“அப்ப எனக்கு?”

“ஒனக்கு வேணும்னா ரெண்டாவது செய்யச் சொல்லிக்க. மொத நாற்காலி எனக்குத்தான்.”

“சரிப்பா, மொத மரியாத ஒனக்கே” என்றார் மேலவீட்டுத் தாத்தா. “எனக்கு ஒரு இஞ்சு கொறச்சுப் போடணும். நான் ஒன்னைய மாதிரி நெட்டக் கொக்கு இல்ல.”

தாத்தா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யார் வழியாகவும் இல்லாமல், கதவைப் பார்த்து நேராகக் கேட்டார். “ஆத்தா, ரெண்டாவதுக்கு மரம் கெடக்கா?”

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

“கெடக்கு மாமா” என்றாள் சித்தி.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பாவே பின்பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை ரம்பச் சத்தம் கேட்டபோது அவர் அந்தக் கொட்டகைப் பக்கம்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலவீட்டுத் தாத்தா கிளம்பியபோது, எங்கள் தாத்தாவும் கம்பை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை கூடப் போனார். பதினோரு வருடச் சண்டை. வரப்பைப் பற்றி இனிதான் பேசுவார்கள், ஒருவேளை கம்பைக்கூட ஓங்குவார்கள் என்று எனக்கு ஒரே ஆவல். பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.

“ராத்திரி சாப்பிடுறியா?” என்று கேட்டார் மேலவீட்டுத் தாத்தா.

“நிறுத்தி ரெண்டு வருசமாச்சு.”

“நான் மூணு.”

கொஞ்சதூரம் நடந்தார்கள்.

“மொச்சக்கொட்ட?”

“வாசம் புடிக்கிறதோட சரி.”

“பொய் சொல்லாதல. போன வருசம் கோயில் விருந்துல அள்ளி அள்ளித் தின்ன. நான் அந்தப் பந்தியிலதான் இருந்தேன்.”

“தின்னுட்டு மூணு நாள் அந்தக் காட்டுக்குள்ள நான் பட்ட பாடு நீ பாத்தியா?”

மேலவீட்டுத் தாத்தா நின்றுவிட்டார். “எந்தப் பக்கம்ல? ஓடைக்கு இங்கிட்டா, அங்கிட்டா?”

“இங்கிட்டு.”

“நான் அங்கிட்டு” என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் எங்கள் தாத்தாவின் தோள் குலுங்கியது. பிறகு மற்றவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவர்களும் நடுத்தெருவில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தாத்தா வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பு கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அதை எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் முன்னால் போனேன். என்னைக் கண்டதும் சிரிப்பு இன்னும் கூடியது. ஒருவர் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல வந்தார், சொல்ல முடியவில்லை.

ராத்திரி சாப்பிடாமல் இருப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? பந்தலில் எல்லோரும் சிரித்தது போதாதென்று, இவர்களும் அந்த மூடியை நான் தூக்கியதை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.